அறுபதோ எழுபதோ, வீட்டுக்காரருக்கு என்ன வாங்கித் தரலாம்?

திருச்சி உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ப்ளவுஸ்தான் பிரதான வேலை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டு ப்ளவுஸ் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, வாசல்படி இறங்கும்போது திரும்பி நின்று கேட்பார்கள். "அக்கா, அவருக்கு என்ன வாங்குறதுன்னுதான் தெரியல." எல்லாருக்கும் நான் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில், மணிவிழாவில் யாருக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். நமக்குப் புதுத் தாலி, பட்டுப்புடவை, பிள்ளைகள் போடுகிற வளையல். அவருக்கு ஒரு வேஷ்டி துண்டு, அப்புறம் வந்தவர்கள் போர்த்துகிற பொன்னாடைகள். அந்தப் பொன்னாடையை மறுநாள் யாரும் கட்டிக்கொள்ள முடியாது. பீரோவின் மேல்தட்டில் அடுக்கி வைப்போம், அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவோம். விழா திருக்கடையூரில் நடந்தாலும் சரி, வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு நடந்தாலும் சரி, விழா நாயகருக்கென்று தனியாக ஒரு பொருள் வருவது அபூர்வம். அதனால் மனைவி கொடுக்கும் பரிசை விழாச் செலவோடு சேர்க்காதீர்கள். அது தனிக் கணக்கு.

அந்தப் பரிசுக்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். விழா முடிந்த மறுவாரம் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் எங்கே உட்காருவார், எதைக் கையில் எடுப்பார், எதைத் தேடுவார்? அந்த நாளுக்குள் இடம்பிடிக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

எந்த நாளில் கொடுப்பது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நம் வீட்டு ஆண்கள் பலருக்குப் பிறந்தநாள் இரண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ள நட்சத்திரம் ஒன்று. என் வீட்டுக்காரர் சான்றிதழில் ஜூன் மாதம், ஜாதகத்தில் ஆவணி. சான்றிதழ் தேதிப்படி 2025 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றார். பேருந்து ஓட்டுநர். அறுபதாம் கல்யாணம் ஆவணியில் அவருடைய நட்சத்திரத்தன்று நடந்தது. தமிழ் வருஷங்கள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருஷமே மறுபடி வருவதுதான் இதன் கணக்கு. 1965-இல் விசுவாவசு வருஷத்தில் பிறந்தவர்களுக்கு 2025 சித்திரையில் விசுவாவசு திரும்பி வந்தது. 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ வருஷத்தில் பிறந்தவர்களுக்கு 2026-இல் பராபவ. எழுபதில் பீமரத சாந்தி. எண்பதும் சில மாதங்களும் ஆகும்போது ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம்.

ஓய்வு நாளும் விழா நாளும் ஒட்டி வந்தால், பரிசை ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். முப்பது வருஷம் விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனவர், அன்றைக்கும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுவார். எழுந்து, போக இடமில்லாமல் திண்ணையில் உட்காருவார். விழா மேடையில் நூறு பேர் சூழ நிற்கும்போது அவருக்கு எதுவும் குறைவில்லை. குறைவு தெரிவது இந்தக் காலையில்தான்.

சரி, என்ன வேண்டும் என்று அவரைக் கேட்கலாமா? கேட்டால் வரும் பதில் உங்களுக்கே தெரியும். "எனக்கு எதுக்கு? பசங்களுக்கு ஏதாவது பண்ணு." இதை உண்மை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். நம் தலைமுறை ஆண்கள் தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கவனியுங்கள். எதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்? எதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறார்? எந்தச் சட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறார், எது மடிப்புக் கலையாமல் கிடக்கிறது? பேப்பர் படிக்கும்போது வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியை நகர்த்துகிறாரா? இதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். பரிசு அந்தப் பக்கத்திலிருந்தே கிடைக்கும்.

இனி, என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆண்களுக்கு எடுக்கும் பரிசில் முதலில் நிற்பது சட்டை, அதிகம் வீணாவதும் சட்டை. பத்து வருஷத்துக்கு முந்தைய அளவையே கடையில் சொல்லி வாங்கிவிடுகிறோம். அறுபதில் உடம்பு வாகு மாறியிருக்கும். முதுகு மேல்பக்கம் லேசாக வளையும், தோள் முன்னால் வரும், வயிறு கொஞ்சம் தள்ளும். அப்போது ரெடிமேட் சட்டை பின்னால் ஏறிக்கொள்ளும், முன்னால் தொங்கும், காலர் பின்கழுத்தை விட்டு விலகி நிற்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடிக்கடி சட்டையைப் பின்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா என்று பாருங்கள்.

நான் கடையில் ஆண்கள் துணி எடுப்பதில்லை. வீட்டு ஆட்களுக்கு மட்டும் தைப்பேன். என் வீட்டுக்காரருக்குத் தைக்கும்போது முதுகுப் பக்கத்துத் தோள்பட்டித் துண்டில் அரை அங்குலம் கூட்டுகிறேன், முன்பக்கத்தில் அதே அளவு குறைக்கிறேன். பட்டிக்குக் கீழே நடுவில் ஒரு மடிப்பு வைத்தால், கையை முன்னால் நீட்டும்போது முதுகு பிடிக்காது. பட்டன் வழக்கமானதைவிட ஒரு சுற்றுப் பெரிது, அரை அங்குலம். பட்டன் ஓட்டையும் அதற்கேற்ப. விரல் மூட்டு விறைத்த காலை நேரத்தில் சின்னப் பட்டனோடு மல்லுக்கட்டுவது எரிச்சலான வேலை. இடது பக்கப் பாக்கெட்டை ஆழமாக வைத்து, உள்ளே நடுவில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் கண்ணாடி ஒரு அறையில், போன் ஒரு அறையில். குனிந்தால் விழாது. இதை எந்தத் தையல்காரரிடமும் நீங்கள் சொல்லித் தைக்க வாங்கலாம். சொன்னால்தான் செய்வார்கள், கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

அளவு எடுக்க அவரையே கூட்டிக்கொண்டு போனால் ரகசியம் போய்விடும். அவர் அதிகம் போடுகிற, துவைத்துத் துவைத்து உடம்போடு ஒத்துப்போன சட்டையைக் கொடுங்கள். கூடவே பக்கவாட்டில் நின்ற போட்டோ ஒன்றும் காட்டுங்கள். முதுகு வளைவு அதில்தான் தெரியும், அளவுச் சட்டையில் தெரியாது. துணி பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடச் சொல்லுங்கள். அகலத் துணியில் அரைக்கை சட்டைக்கு 1.60 மீட்டர் என்று பிட்டாகவே விற்பார்கள். வயிறு பெரிதாக உள்ளவர்களுக்கு அது இழுபறியாக இருக்கும், கொஞ்சம் கூடுதலாக வெட்டி வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது வித்தியாசம் அதிகமுள்ள வீடுகளில், மனைவி சின்னவளாக இருந்தால், அவரை இளமையாகக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை வரும். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பளபளக்கிற டீசர்ட்டும் தலைச்சாயமும் கொடுத்தால், இப்போது இருக்கிற நீங்கள் போதாது என்று அவர் காதில் விழும். அறுபது வயது உடம்பு அறுபது வயது உடம்பாகவே அழகாக இருக்கும்படி வாங்குங்கள். வாழ்நாள் முழுக்கக் காக்கியில் இருந்தவருக்கு நான் எடுத்தது வெளிர் நீலமும் சந்தன நிறமும். காக்கிக்குப் பக்கத்தில் வருகிற எந்த நிறத்தையும் தொடவில்லை.

வேஷ்டி வாங்குவதானால் நாலு முழமா எட்டு முழமா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் கட்ட நாலு முழம் போதும், கோயிலுக்கும் விசேஷத்துக்கும் எட்டு முழம்தான் நிற்கும். கை நடுக்கமோ தோள்வலியோ உள்ளவர்களுக்கு, இடுப்பில் வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கொள்கிற ஒட்டிக்கோ வகை நிஜமான உதவி. ஆனால் காலமெல்லாம் இடுப்பில் முறுக்கிக் கட்டியவருக்கு அதைக் கொடுத்தால் மனம் சுருங்கும். அவராகச் சிரமம் என்று சொன்ன பிறகு வாங்கலாம். பட்டு என்றால் சேலம் வெண்பட்டு பாருங்கள், கனம் இல்லாமல் உடம்பில் படிந்து நிற்கும்.

அடுத்தது நாற்காலி. ஓய்வு பெற்றவருக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஓய்வுக்கு அப்புறம் வீட்டில் அவருக்கென்று ஒரு இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் சோபா ஓரம், கட்டில் ஓரம் என்று அலைந்துகொண்டே இருப்பார். ஈஸிசேர் வாங்கலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். படுக்க சுகம், எழுந்திருக்கத்தான் கஷ்டம். கித்தான் தொய்ந்து இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடும். அங்கிருந்து எழ, இரண்டு முழங்காலும் சேர்ந்து முழு உடம்பையும் தூக்க வேண்டும். இத்தனை வருஷம் கிளட்ச் மிதித்த இடது முழங்காலோடு அது நடக்கிற காரியமில்லை.

நாற்காலிக்கும் அளவெடுக்க வேண்டும். அவர் பெஞ்சில் பாதம் தரையில் பதிய உட்கார்ந்திருக்கும்போது முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடியுங்கள். உட்காரும் பலகை அந்த உயரமோ, மூட்டுவலி இருந்தால் அதைவிட ஒரு அங்குலம் கூடவோ இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 17-இலிருந்து 19 அங்குலத்துக்குள் வரும். ஆழம், முதுகு சாய்ந்து உட்கார்ந்த பிறகு முழங்கால் மடிப்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிற அளவு. கைப்பிடி கட்டாயம். அதுவும் முன் விளிம்பு வரைக்கும் நீண்டிருக்க வேண்டும், எழுந்திருக்கும்போது உள்ளங்கை ஊன்றுவது அந்த முனையில்தான். கடையில் இந்த அளவில் கிடைக்கவில்லை என்றால் ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வேங்கை மரச் சட்டம், உட்காருமிடத்துக்கும் முதுகுக்கும் பிரம்புப் பின்னல். திருச்சி வெயிலுக்குப் பஞ்சு மெத்தை ஒத்துவராது, பிரம்பென்றால் முதுகில் காற்று படும். பிரம்பு சில வருஷத்தில் தொய்யும், பின்னுகிறவரைக் கூப்பிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம், சட்டம் அப்படியே இருக்கும்.

நாற்காலி வாங்கினால் அதோடு ஒரு விளக்கும் சேர்த்து வாங்குங்கள். வயதாக ஆகக் கண்மணி சுருங்கிவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் மங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் சேரும் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். சாயங்காலம் ஆனால் அவர் பேப்பரை மடித்து வைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சலிப்பில்லை, கூடத்து டியூப் லைட்டின் வெளிச்சம் பேப்பருக்கு எட்டாததுதான். கழுத்தை வளைக்கிற மாதிரி விளக்கு, தோளுக்குப் பின்னாலிருந்து பேப்பரில் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்.

கைக்கடிகாரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். புதிது வாங்குவதற்கு முன்னால் பழையது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாப்பிள்ளைக்கு வாட்சும் மோதிரமும் போடுவது பெண் வீட்டு முறை. அறுபது ஆகிறவர்களின் கல்யாண வாட்ச் பெரும்பாலும் எச்.எம்.டி.யாகவோ டைட்டனாகவோ இருக்கும். டைட்டன் 1984-இல் ஆரம்பித்த கம்பெனி, ஓசூரில்தான் தொழிற்சாலை. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை 2016-இல் மூட முடிவெடுத்தார்கள். ஆனால் ஊர் ஊருக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. என் அப்பா இவருக்குப் போட்டது தினமும் சாவி முறுக்குகிற எச்.எம்.டி. நின்றுபோய், பீரோவில் திருநீற்று டப்பாவுக்குள் பல வருஷம் கிடந்தது. பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து ஊதிப் பார்த்து, "எண்ணெய் காஞ்சு போச்சும்மா, அவ்ளோதான். சக்கரமெல்லாம் நல்லாருக்கு" என்றார். கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றி, புது தோல் பட்டை போட்டுக் கொடுத்தார்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், டயலைத் தொடக் கூடாது. மஞ்சளாகிப் போன டயலைப் புதுசாக்கித் தருகிறேன் என்பார்கள், எழுத்தெல்லாம் புதிதாக அச்சடித்த மாதிரி ஆகிவிடும். அந்த மஞ்சளோடுதான் அவருக்கு அது தன் வாட்ச். என் வீட்டுக்காரர் இப்போது காலையில் காபி வருவதற்குள் சாவி கொடுத்து முடித்துவிடுகிறார். பஸ்ஸை எடுப்பதற்கு முன் நேரம் பார்த்த மனுஷர், பார்க்க ஒரு நேரம் அவருக்கு வேண்டியிருக்கிறது. பழைய வாட்ச் இல்லாதவர்களுக்குப் புதிது வாங்கினால் வெள்ளை டயல், கறுப்பு எண், கனம் குறைந்த கேஸ், தேதியும் கிழமையும் பெரிய எழுத்தில். ஓய்வு பெற்றவர்கள் அதிகம் மறப்பது கிழமையைத்தான்.

மோதிரம் போட ஆசைப்பட்டால் விரல் கணுவின் அளவில் எடுங்கள், அடிவிரல் அளவில் எடுக்காதீர்கள். வயதில் கணு பருக்கும், மோதிரம் ஏறினால் இறங்காது. சாயங்காலம் அளவெடுங்கள், அப்போதுதான் விரல் கொஞ்சம் வீங்கி நிஜ அளவில் இருக்கும். 22 கேரட் என்றால் 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் எச்.யு.ஐ.டி. என்கிற அடையாளக் குறியும் உள்ளே இருக்கிறதா பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

பேனா பிடிக்கும் ஆள் என்றால் மை பேனா நல்ல பரிசு. திருவள்ளூரில் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரைக் கடைசல் பிடித்துக் கையால் செய்கிறார்கள், சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடை அந்தக் காலத்திலிருந்தே பேனாவுக்குப் பேர்போனது. ஆனால் எழுதும் பழக்கம் இல்லாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேனாவும் சுமைதான். பாட்டு கேட்கிறவருக்கு ஐயாயிரம் பாட்டு ஏற்றி வரும் சரிகம காரவான் மாதிரி, திருகுகிற குமிழ் உள்ள பெட்டி வாங்குங்கள். போனில் எல்லாம் வருமே என்பார்கள் பிள்ளைகள். போன் அடித்தால் பாட்டு நின்றுவிடும், அது வேறு இது வேறு. ஸ்மார்ட் வாட்ச் அவராகக் கேட்டால் மட்டும்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. பிரஷர் பார்க்கும் மிஷின், சர்க்கரை பார்க்கும் மிஷின், கைத்தடி, முழங்கால் பட்டி, பாதத்தை உறுத்தாத மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. இவையெல்லாம் தேவைதான், சர்க்கரை உள்ளவருக்கு எம்.சி.ஆர். செருப்பு ரொம்பவே தேவை. ஆனால் இவற்றை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிடுங்கள். வண்ணக் காகிதத்தில் சுற்றிப் பிறந்தநாளன்று நீட்டாதீர்கள். அந்த ஒரு நாள் அவர் நோயாளி இல்லை.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அறுபது ஆனதும் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கலாம். ஐந்து வருஷத் திட்டம், உச்சவரம்பு 30 லட்சம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தொடங்கலாம். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகையை அதில் கட்டிக் கொடுத்தால், அந்த வட்டி அவர் கைச்செலவு. மகனிடம் காபிக் காசு கேட்க வேண்டாம் என்கிற நிம்மதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்த வட்டியை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பயணம் கொடுப்பதானால் கோயில் குளம் என்று பட்டியல் போடாமல், அவர் பார்க்காமல் விட்டது எது என்று யோசியுங்கள். இவர் பல வருஷம் திருச்சி–ராமேஸ்வரம் தடத்தில் ஓட்டினார். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார், ஒரு டீ குடிப்பார், பஸ்ஸிலேயே கொஞ்சம் கண்ணசருவார், திரும்பிவிடுவார். தனுஷ்கோடியைப் பார்த்ததே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இவர் பிறந்தது அடுத்த வருஷம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகத் தொடங்கியிருந்தது. காலையில் திருச்சியிலிருந்து கிளம்பும் வண்டியில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து எடுத்தேன். எப்போதும் கண்ணாடிக்கு நேரே சாலையைத்தான் பார்த்திருக்கிறார், பக்கவாட்டில் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததே இல்லை. பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் கடல். அவர் வலது காலை மட்டும் லேசாக அழுத்திக்கொண்டே வந்தார், பிரேக் மேல் கால் வைத்த மாதிரி. தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் சுவரைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது. அங்கேயும் முதலில் அவர் பார்த்தது சாலை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.

ராத்திரிப் பயணம் என்றால் டிக்கெட் எடுக்கும்போது மூத்த குடிமக்கள் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். பேரப்பிள்ளைகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த வசதி கிடையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

எழுபதுக்கும் எண்பதுக்கும் கேட்பவர்களுக்கு வேறு மாதிரி சொல்வேன். எழுபதில் புதுப்பொருள் மேல் ஆசை குறையும், இருக்கிற பொருள் சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை கூடும். அவர் சைக்கிளை, அவர் அப்பாவின் பெட்டியை, கறுப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோவைச் சரிசெய்து கொடுங்கள். ஸ்டுடியோவில் போட்டோவைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது முகத்தை வழவழப்பாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் யார் முகமோ மாதிரி வந்துவிடும். எண்பதில் பொருளே வேண்டாம். கூட வேலை பார்த்தவர், ஒரே தெருவில் வளர்ந்தவர் இரண்டு மூன்று பேரைக் கார் வைத்துக் கூட்டிவந்து ஒரு மதியம் முழுக்க அவரோடு உட்கார வையுங்கள். விழா நாளில் இதைச் செய்யாதீர்கள், கூட்டத்தில் பேச முடியாது. முந்தின வாரம் ஒரு நாள் வையுங்கள். காது மந்தமானவர்கள் இருந்தால் மின்விசிறியைக் குறைத்து, டிவியை அணைத்து, எதிரெதிரே உட்கார வைத்தால் போதும், மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பிள்ளைகளோடு பேசிக்கொள்ளுங்கள். ஆளாளுக்குத் தனித்தனியே வாங்கினால் மூன்று சட்டையும் இரண்டு போனும் வந்து சேரும். மகன் நாற்காலி, மகள் விளக்கு, நீங்கள் வாட்ச் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், சொல்லக் கூடாது என்று.

நாள் கணக்கையும் மறக்க வேண்டாம். ஆசாரி நாற்காலிக்கு ஒன்றரை மாதம் கேட்பார், பிரம்பு பின்னுகிறவர் தனி. பழைய வாட்சுக்கு உதிரி தேட வேண்டியிருந்தால் ஒரு மாதம். சட்டை தைக்க மூன்று வாரம் கொடுங்கள். விழா ஐப்பசியில் வந்தால் தீபாவளித் துணி எல்லாக் கடையிலும் மலையாகக் குவிந்திருக்கும், புரட்டாசி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் பிரித்துப் பெரிதாக்க அது வேண்டும்.